நாம் தூங்கிப் பார்க்காத வீடு

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
மும்பை.
16 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். இரண்டு காலுக்கும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் உன்னைத் திட்ட ஆரம்பித்தால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. முழுசும் படி. இரண்டு தடவை படி.

செம்பூர் வீட்டை விற்கலாம் என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. நீ சிங்கப்பூரில், நான் இங்கே. யாருக்கும் குடியிருக்கத் தேவைப்படாத வீட்டுக்கு எத்தனை காலம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பது? விற்கலாம். ஆனால் ஏஜென்ட் சொன்னான் என்று நீ சொன்ன இரண்டு யோசனையும் எனக்கு ஆகவே ஆகாது. 96 லட்சத்துக்குப் பேசி, 70 லட்சத்தைப் பத்திரத்தில் காட்டி, 26 லட்சத்தைப் பையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. நீ சிங்கப்பூரில் இருப்பதைச் சொல்லாமல், உன் பழைய மாட்டுங்கா விலாசத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்பது இன்னொன்று. "எல்லாரும் அப்படித்தானேக்கா செய்றாங்க" என்றாய். ஏலே, அப்பா எல்லாரையும் போலவா இருந்தார்?

கொஞ்சம் நினைத்துப் பார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. நாம் நாலு பேரும் தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால், கோலி என்கிற ஒற்றை அறை வீட்டில். அந்த மனிதர் 1986-இல் பி.எஃப். கடன் போட்டு, அம்மாவின் வளையலையும் விற்று, 1,35,000 ரூபாய்க்குச் செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார். சாவி கைக்கு வந்த அன்றைக்கு நீ புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு "எப்பப்பா போறோம்?" என்று வாசலில் நின்றாய். போகவே இல்லை. அடுத்த மாசமே வாடகைக்கு விட்டுவிட்டார். எனக்கு அப்போது அவர்மேல் அவ்வளவு கோபம். குழாயடியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன், அங்கே குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று. அந்த வாடகைதான் உன்னை எஸ்.ஐ.ஈ.எஸ். கல்லூரிக்கு அனுப்பியது, என் கல்யாணத்துக்கு ஆனது, கடைசியில் அம்மாவின் மருந்துக்கும் ஆனது என்று புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

மாசம் பிறந்ததும் பெஸ்ட் பஸ் ஏறிப் போய் வாடகை வாங்குவார். சேடா நகர் முருகனைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் ரசீதுப் பிரதியின் பின்னால் பென்சிலால் தேதி போடுவார். "தேதி இல்லாத காகிதம் வாய் இல்லாத சாட்சி" என்பார். கிங்ஸ் சர்க்கிளில் ஆடிட்டர் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியபோதுதான் எனக்கு அந்தப் பேச்சின் அருமை தெரிந்தது. வீடு விற்ற லாபத்துக்கு வரி என்பது முக்கால்வாசி தேதிக் கணக்குதான் தம்பி. எப்போது வாங்கியது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எப்போது விற்றது, விற்ற பணம் எத்தனை நாளுக்குள் எங்கே போனது. இந்தத் தேதிகள் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் அந்த 26 லட்சத்தை முடித்துவிடுகிறேன்.

நம் ஃபிளாட்டுக்கு அரசாங்கத்தின் ரெடி ரெக்கனர் மதிப்பு இப்போது 88 லட்சம் வருகிறது. நானே பார்த்துக் கணக்குப் போட்டேன். பத்திரத்தில் போடும் விலையைவிட அந்த மதிப்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், விற்ற விலையாக வருமான வரிச் சட்டம் அந்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். 70-க்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 77. ரெக்கனர் சொல்வது 88. ஆகவே நீ 70 என்று எழுதினாலும் வரி 88-க்குத்தான். நீ உண்மையில் மறைப்பது 8 லட்சம். உன் பாதிக்கு 4 லட்சம். அதில் உனக்கு மிச்சமாகும் வரி 52,000 ரூபாய். அந்த 52,000-க்காக 13 லட்சத்தைப் பையில் வாங்கப் போகிறாயா? வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம் என்று 2015-இலிருந்து சட்டம் இருக்கிறது. வாங்குகிறவனுக்கும் நல்லதில்லை. 70-க்கும் 88-க்கும் நடுவில் உள்ள 18 லட்சத்தை அவனுடைய வருமானமாகவே சேர்த்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பையை நீ சிங்கப்பூருக்கு எப்படிக் கொண்டுபோவாய்? கடைசியில் அது என் பீரோவில்தான் இருக்கும். அத்தான் ஆபரேஷனுக்குப் போயிருக்கும்போது நான் அந்தப் பீரோவுக்குக் காவல் இருக்க வேண்டுமா? வேண்டாம் ராசா. 96-க்குப் பேசினால் 96 என்றே எழுதுவோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பேனாவை எடுத்துக்கொள்.

அப்பா 1,35,000-க்கு வாங்கினார், நாம் 96 லட்சத்துக்கு விற்கிறோம், மிச்சம் எல்லாம் லாபம் என்று நினைத்துத்தான் நீ பயந்திருக்கிறாய். அப்படி இல்லை. 1 ஏப்ரல் 2001-க்கு முன்னால் வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்துப் பார்த்தேன். அவர் 17 லட்சம் வரை சொன்னார். ஆனால் 2001-இல் முத்திரைத்தாள் கணக்குக்கு இருந்த மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் ஒரு வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள். அது 15 லட்சம். ஆகவே 15 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஏழரை லட்சம். விற்கும் விலையில் ஆளுக்கு 48 லட்சம். லாபம் ஆளுக்கு நாற்பதரை லட்சம். ஏஜென்ட் கமிஷனையும் கழிக்கலாம், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

அப்பா 2019-இல்தானே போனார், நமக்கு அப்போதுதானே வந்தது என்று கேட்பாய். பெற்றவர் வழியாக வந்த சொத்துக்கு அவர் வாங்கிய தேதிதான் நம் தேதி, அவர் விலைதான் நம் விலை. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால லாபம். நமக்கோ 1986-இலிருந்து கணக்கு. அவர் உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த வீட்டை அவர் வைத்திருந்த ஒவ்வொரு வருஷமும் நம் கணக்கில் ஏறுகிறது. இதை முதன்முதலில் ஆபீசில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தைப் படித்து அழுவாளா ஒருத்தி என்று நினைக்காதே. நான் அழுதேன்.

இனி சொல்லப் போவதுதான் உனக்குக் கசக்கும். ஒரே வீடு, ஒரே அப்பா, சரிபாதிப் பங்கு. ஆனால் உன் வரி வேறு, என் வரி வேறு.

23 ஜூலை 2024 பட்ஜெட் வரைக்கும் வீடு விற்ற நீண்டகால லாபத்துக்கு 20 சதவீத வரி. ஆனால் அதற்கு முன்னால் பழைய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் பெருக்கிக்கொள்ளலாம். 2001-02-க்கு 100 என்றால் இந்த வருஷத்துக்கு 376. அதாவது அன்றைய ஒரு ரூபாய் இன்றைக்கு 3 ரூபாய் 76 காசு. அந்த பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் குறியீட்டை எடுத்துவிட்டு, வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார். பழைய வீட்டுக்காரர்கள் எல்லாரும் பதறிப்போனார்கள். ஆபீசில் போன் வைத்தபாடில்லை. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்டில் மசோதா நிறைவேறும்போது ஒரு திருத்தம் வந்தது. 23 ஜூலை 2024-க்கு முன்னால் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும், பழைய முறைப்படி 20 சதவீதம், புது முறைப்படி 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். ஆனால் அந்தச் சலுகை இந்தியாவில் குடியிருக்கும் தனி ஆளுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். என்.ஆர்.ஐ.-க்குக் கிடையாது.

எனக்கு: ஏழரை லட்சத்தை 3.76-ஆல் பெருக்கினால் 28,20,000. 48 லட்சத்தில் அதைக் கழித்தால் 19,80,000. அதில் 20 சதவீதம் 3,96,000. நாலு சதவீத செஸ் சேர்த்து 4,11,840.

உனக்கு: நாற்பதரை லட்சத்தில் 12.5 சதவீதம் 5,06,250. செஸ் சேர்த்து 5,26,500.

வித்தியாசம் 1,14,660 ரூபாய். கடல் தாண்டிப் போனதற்கு அப்பா வீட்டின்மேல் நீ கொடுக்கும் விலை இது. இந்தியாவில் ஒரு வருஷத்தில் 182 நாள் இருந்தால் நீயும் இந்தக் கணக்கில் உள்ளூர்க்காரன்தான். அதற்காக வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். இந்த வித்தியாசத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். நீ மறுத்துப் பேசாதே.

எல்லா வீட்டுக்கும் பழைய முறைதான் நல்லது என்று நினைத்துவிடாதே. உன் சிநேகிதர்கள் யாராவது கேட்டால் இதைச் சொல். 2001-க்கு முன்னால் வாங்கிய வீட்டை இந்த வருஷம் விற்றால், விலை 2001 மதிப்பைப்போல் எட்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும் இடத்தில் இரண்டு வரியும் சமமாகிறது. அதற்கு மேலே போனால் 12.5 சதவீதமே குறைவு. நமக்கு ஆறரை மடங்குகூட வரவில்லை. அதனால்தான் எனக்குப் பழைய முறை கைகொடுக்கிறது.

குறியீட்டிலும் ஒரு தேதிச் சண்டை நடந்து முடிந்திருக்கிறது, தெரியுமா? வாரிசாகவோ தானமாகவோ வந்த சொத்துக்கு, நம் கைக்கு வந்த வருஷத்திலிருந்துதான் குறியீடு தருவோம் என்று வரி அதிகாரிகள் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு 2019-20-இன் 289-லிருந்துதான் கணக்கு. என் ஏழரை லட்சம் பத்து லட்சத்தைக்கூடத் தொடாது. நம் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-இல் இதைத் தீர்த்துவைத்தது. மகள் 1993-இல் வாங்கிய ஃபிளாட்டை 2003-இல் அம்மாவுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாள். அம்மா அதை விற்றார். குறியீடு மகள் வாங்கிய வருஷத்திலிருந்தே வரும் என்று தீர்ப்பு. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் நான் மனசார நன்றி சொல்கிறேன்.

"எங்க ஊர்ல வீடு வித்த லாபத்துக்கு வரியே கிடையாதுக்கா" என்று அலுத்துக்கொண்டாய். உண்மைதான். ஆனால் அங்கேயும் வாங்கி நாலு வருஷத்துக்குள் வீட்டை விற்றால் விற்கிறவர் முத்திரை வரி கட்ட வேண்டும் என்று இந்த ஜூலையில் கடுமையாக்கியிருக்கிறார்களே? ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழி. அமெரிக்காவில் வாடகை வீட்டுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். விற்கும்போது கழித்ததையெல்லாம் திரும்ப எடுத்து, அதற்கு 25 சதவீதம் வரை வரி வாங்கிவிடுவார்கள். இங்கே நாம் வாடகை வருமானத்தில் தேய்மானம் கழிக்கவே இல்லை. ரிப்பேர், தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முப்பது சதவீதக் கழிவு கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே விற்கும்போது பழைய பாக்கி என்று எதுவும் தலைதூக்காது. வாடகைக்கு விட்ட வீடு என்பதால் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு போய்விடும் என்று ஏஜென்ட் உன்னிடம் சொன்னது தப்பு. குடியிருந்த வீடானாலும் வாடகைக்கு விட்ட வீடானாலும் அந்த விலக்கு ஒன்றுதான்.

இங்கே உன்னை ஒன்று திட்டியே ஆக வேண்டும். 2008-இல் அப்பா அந்த வீட்டுக்குள்ளேயே புதுக் குளியலறை கட்டினாரே, அந்தச் செலவை வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். பில் வேண்டும். அப்பா போன பதினாறாம் நாள், பரணில் இருந்த மூட்டையை எல்லாம் நீதான் பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிட்டுக் கிலோ கணக்கில் போட்டாய். "பழைய பேப்பர்க்கா, பூச்சி அடிக்குது" என்றாய். தேதி போட்ட காகிதங்கள் அவை. நல்லவேளை, 1986 பத்திரமும் சொசைட்டி பங்குச் சான்றிதழும் என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இனிமேல் என்னைக் கேட்காமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாதே.

இனி அந்த மாட்டுங்கா விலாச விஷயம். வாங்குகிறவர் என் பங்கில் ஒரு சதவீதம், அதாவது 48,000 ரூபாய், டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். மொத்த விலை 50 லட்சத்துக்குக் குறையாத எந்த வீட்டுக்கும் அது உண்டு. உன் பங்கு அப்படி இல்லை. விற்கிறவர் என்.ஆர்.ஐ. என்றால் 12.5 சதவீதமும் செஸ்ஸும், ஆக 13 சதவீதம் பிடிக்க வேண்டும். எது லாபம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதால் பெரும்பாலும் முழு விலையிலேயே பிடித்துவிடுவார்கள். 48 லட்சத்துக்கு 6,24,000. உன் உண்மையான வரியைவிட 97,500 கூடுதல். இதைக் கேட்டுத்தான் ஏஜென்ட் உனக்கு அந்தக் குறுக்குவழியைச் சொல்லியிருக்கிறான். நாளைக்கு நீ வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் மாட்டுவது யார்? குறைத்துப் பிடித்ததற்கு வாங்கினவரிடம்தான் வட்டியோடு கேட்பார்கள். வீடு வாங்கின சந்தோஷத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் தலையில் நாம் அதைக் கட்டலாமா? அவர்கள் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருந்து வருகிறவர்கள் தம்பி. நாம் இருந்த மாதிரியே.

நேர்வழியே இருக்கிறது. விற்பதற்கு முன்னால் வருமான வரித் துறைக்குப் படிவம் 13-இல் மனுப் போடு. ஆன்லைனிலேயே போடலாம். உன் உண்மையான லாபம் இவ்வளவுதான், இதற்கேற்பப் பிடித்தால் போதும் என்று சான்றிதழ் கொடுப்பார்கள். வாங்குகிறவர் அதன்படி பிடிப்பார். பொறுமைதான் வேண்டும். வாங்குகிறவரிடம் நான் பேசிவிட்டேன். பொங்கல் வரை காத்திருக்கச் சம்மதம் என்றார். மதிப்பீட்டு அறிக்கை, பத்திர நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுப் பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த வாரமே மனுப் போட்டுவிடு. விற்ற பணத்தை உன் என்.ஆர்.ஓ. கணக்கில் வாங்கி, வரி கட்டியதற்கான படிவங்களோடு சிங்கப்பூருக்கு அனுப்பலாம். வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. உன் பணம் அதில் ஒரு மூலைக்கு வராது.

உன் வரியை முழுசாகவே இல்லாமல் ஆக்கவும் வழி உண்டு. விற்ற தேதியிலிருந்து ஆறு மாசத்துக்குள், லாபத் தொகையை ஆர்.இ.சி., பி.எஃப்.சி. மாதிரியான அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரத்தில் போட்டால் வரி இல்லை. உச்ச வரம்பு 50 லட்சம். உன் லாபம் நாற்பதரை லட்சம், அதற்குள் அடங்கிவிடும். ஐந்து வருஷம் தொடக் கூடாது, அடமானமும் வைக்கக் கூடாது. வட்டி ஐந்தேகால் சதவீதம், அதற்கு வரி உண்டு. என் மருமகளுக்கு, உன் பெண்ணுக்கு, இப்போது பதின்மூன்று வயசு. ஐந்து வருஷத்தில் அவள் காலேஜ் வாசலில் நிற்பாள். பணம் அப்போது சரியாகக் கைக்கு வரும். உன்னைப் படிக்கவைத்த வீடு அவளையும் படிக்கவைத்ததாக இருக்கட்டும். இது அக்காவின் யோசனை. முடிவு நீயும் உன் வீட்டுக்காரியும் சேர்ந்து எடுக்க வேண்டியது. வேறு வீடு வாங்குவதாக இருந்தால், விற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலோ இரண்டு வருஷத்துக்குள்ளோ இந்தியாவில் வாங்க வேண்டும். கட்டுவதென்றால் மூன்று வருஷம். ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் வாங்கி முடியவில்லை என்றால் பாங்கில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். புது வீட்டை மூன்று வருஷம் விற்கக் கூடாது.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பாய். அத்தானுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போய்விட ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய முறைப்படி எனக்கு லாபம் 19,80,000 என்றாலும், அது வரியைக் குறைக்க மட்டும்தான் என்கிறார்கள். முழு விலக்கு சந்தேகமில்லாமல் கிடைக்க வேண்டுமென்றால் நானும் உன்னைப்போல் நாற்பதரை லட்சத்தை வீட்டிலோ பத்திரத்திலோ போடுவதுதான் நல்லது. இந்த நுணுக்கத்தை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. 48-இல் நாற்பதரை போய்விட்டால் என் கையில் என்ன இருக்கும்? இரண்டு முழங்கால் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆறு மாசம் பிசியோ, எனக்கும் அறுபத்திரண்டு ஆகிவிட்டது. அதனால் நான் 4,11,840 ரூபாயைக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். வரியை மிச்சப்படுத்துகிறேன் என்று வாழ்க்கையைப் பூட்டி வைக்கிறவர்களை ஆபீசில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதும் ஒரு சொத்துதான். என் வயசுக்கு முன்கூட்டிய வரித் தவணையும் கட்டத் தேவையில்லை. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும்.

வருகிற 1 ஏப்ரல் 2026-இலிருந்து புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. சட்டப் பிரிவு எண்கள் எல்லாம் மாறும். ஆகவே ஜனவரியிலேயே பத்திரத்தை முடித்துவிட்டால் நமக்குக் குழப்பம் இல்லை.

ஊர்ச் செய்தி ஒன்றும் எழுதவில்லையே. தாராவியில் போன வருஷம் மார்ச்சில் ஆரம்பித்த கணக்கெடுப்பைப் பற்றித்தான் இன்னும் பேச்சு. யாருக்கு இங்கேயே வீடு, யார் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் தெருத் தெருவாகக் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நம் பழைய கோலி வாசலில் வரிசை எண் எழுதியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றேன். அவர்கள் எல்லாரும் காகிதத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2000-த்துக்கு முன்னால் இருந்ததற்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கரண்ட் பில். தேதி போட்ட ஒரு காகிதம். அப்பா சொன்னது இப்போது அந்தத் தெரு முழுக்கக் கேட்கிறது.

செம்பூரில் வாடகைக்கு இருப்பவர்கள் டிசம்பர் கடைசியில் காலி செய்கிறார்கள். ஆறு வருஷம் ஒரு நாள்கூட வாடகை தள்ளினதில்லை. டெபாசிட்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பெயிண்ட் செலவு என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்க வேண்டாம். உனக்கும் அது சம்மதமாகத்தான் இருக்கும்.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம் தம்பி. நேரில் வா. பொங்கலுக்கு நாலு நாள் லீவு போடு, என் மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. ரிஜிஸ்தர் ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவோம். அதற்கு முந்தின ராத்திரி வீடு காலியாகத்தான் இருக்கும், சாவி என்னிடம் இருக்கிறது. பாய் இரண்டு எடுத்துவருகிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலை வாங்கிக்கொள்கிறேன், அங்கேயே சமைத்துச் சாப்பிடுவோம். 1986-இல் புத்தகப் பையோடு நின்றாயே, முப்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒரு ராத்திரிகூடத் தூங்கினதில்லை. விற்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் கொடுப்போம்.

மனுவை மட்டும் இந்த வாரமே போட்டுவிடு. மறந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா